வெடியுப்பும் ஒரு தராசும்

உயர்நிலைப் பள்ளியில் இரசாயனம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்வது பொருண்மை அழியா விதியை. ஒரு வேதிமாற்றத்தில் ஈடுபடும் பொருட்களின் மொத்த எடையும், அதில் விளையும் பொருட்களின் மொத்த எடையும் சமம். இரண்டு மதிப்பெண் கேள்வி. ஒரு வரியில் விடை. கூடவே ஒரு பெயரும் எழுதவேண்டும். தமிழ்ப் பாடநூல்கள் அதை லவாய்சியர் என்று அச்சிடுகின்றன. பிரெஞ்சு மொழியில் படித்த எங்களைப் போன்ற புதுச்சேரிக்காரர்கள் லவுவாசியே என்று சொல்லிப் பழகியவர்கள். இந்தப் பதிவிலும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த ஒரு வரி விதிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது பாரீஸ் நகரத்து வெடிமருந்துக் கிடங்கில் நடந்த வரலாறு. ஆனால் அதன் வேர் ஒன்று பீகாரின் உப்புப் பூத்த மண்ணிலும், சந்திரநாகூரிலும், நம் புதுச்சேரியிலும் இருக்கிறது. பள்ளியில் வரலாற்று ஆசிரியர் ஒரு பாதியைச் சொன்னார், இரசாயன ஆசிரியர் மறு பாதியைச் சொன்னார். இரண்டையும் சேர்த்து யாரும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு படித்துச் சேர்த்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெடியுப்பு. கோயில் திருவிழா வாணத்திலிருந்து பீரங்கி வரைக்கும் பழைய வெடிமருந்து என்பது மூன்று பொருள்களின் கலவைதான்: வெடியுப்பு, கரித்தூள், கந்தகம். நூறு பங்கில் ஏறக்குறைய 75 பங்கு வெடியுப்பு. கரியும் கந்தகமும் எந்த நாட்டிலும் எப்படியாவது கிடைத்துவிடும். வெடியுப்புதான் கிடைக்காது. அன்றைய உலகத்தில் அது ஏராளமாகக் கிடைத்த இடம் பீகார். மாட்டுத் தொழுவங்களையும் குடியிருப்புகளையும் ஒட்டிய மண்ணில், மழைக்காலம் முடிந்து வெயில் ஏற ஏற, வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்த மண்ணைச் சுரண்டி, நீர் விட்டு வடித்து, காய்ச்சி எடுத்தால் வெடியுப்பு. இதையே குலத்தொழிலாகச் செய்த நூனியா என்ற மக்கள் அங்கே இருந்தார்கள். பாட்னாவிலிருந்து கங்கை வழியாகப் படகில் வந்து, ஊக்ளி ஆற்றுத் துறைகளிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறும். ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் மூவருமே அந்தச் சரக்குக்குப் போட்டி போட்டார்கள். பிரெஞ்சுக்காரரின் துறை சந்திரநாகூர். நம் கடற்கரையில் சிலையாக நிற்கும் துய்ப்ளெக்ஸ், புதுச்சேரிக்கு ஆளுநராக வருமுன் நிர்வாகியாக இருந்த ஊர் அது.

1757 மார்ச்சில் கிளைவும் வாட்சனும் சந்திரநாகூரைப் பிடித்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் பிளாசிப் போர். அதன் பிறகு வங்காள நவாப் யாராக இருந்தாலும் அதிகாரம் ஆங்கிலக் கும்பனியின் கையில். பாட்னா வெடியுப்பின் மொத்த உரிமையையும் அந்தக் கும்பனியே எழுதி வாங்கிக்கொண்டது. தெற்கே 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரியும் அயர் கூட்டிடம் சரணடைந்தது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்புதான் கண் மூடினார். கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள், நகரமும் இடிபட்டது. 1763 பாரீஸ் உடன்படிக்கையின்படி ஊர்கள் திரும்பிக் கிடைத்தன என்றாலும், வங்காளத்தில் பிரெஞ்சுக்காரருக்குப் படை வைக்கும் உரிமை போயிற்று. வெடியுப்பு வாணிகமும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இவ்வளவும் வரலாற்று வகுப்பில் வரும். பிரான்சில் இதனால் என்ன நேர்ந்தது என்பதுதான் வராது. ஏழாண்டுப் போரின்போதே அங்கே வெடிமருந்துத் தட்டுப்பாடு. உள்நாட்டில் வெடியுப்பு எடுக்கும் வேலை ஒரு தனியார் குத்தகையில் இருந்தது. குத்தகைக்காரரின் ஆட்கள் யார் வீட்டிலும் நுழைந்து நிலவறையையும் தொழுவத்தையும் தோண்டலாம் என்று ஒரு பழைய உரிமை. மக்களுக்குத் தொல்லை, அரசுக்கு நட்டம். 1775இல் நிதியமைச்சர் துர்கோ அந்தக் குத்தகையை ஒழித்து, அரசே நடத்தும் வெடிமருந்து நிர்வாகம் ஒன்றை ஏற்படுத்தினார். அதற்கு நியமிக்கப்பட்ட நான்கு நிர்வாகிகளில் ஒருவர் 31 வயது லவுவாசியே. பதவியோடு பாரீஸ் ஆயுதக் கிடங்கில் ஒரு வீடும் கிடைத்தது. 1776இல் மனைவியுடன் அங்கே குடிபோனார். அந்த வீட்டில் தம் சொந்தச் செலவில் அவர் அமைத்த ஆய்வுக்கூடம்தான் நவீன இரசாயனம் பிறந்த இடம் என்று இன்று சொல்கிறோம்.

வங்காளத்து வெடியுப்பு வழக்கம்போல் கப்பல் ஏறியிருந்தால் லவுவாசியே அறிஞராகியிருக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் அதற்கு முன்பே அறிவியல் கழக உறுப்பினர். ஆனால் அந்த வீடும், அந்தக் கூடமும், அந்தப் பதவியும் அவருக்கு வந்ததற்கு நம் கடற்கரையில் தோற்ற ஒரு போரும் ஒரு காரணம்.

வேலையில் அவர் கெட்டிக்காரர். சில ஆண்டுகளிலேயே பிரான்சின் வெடியுப்பு உற்பத்தி உயர்ந்தது. மருந்தின் தரமும் உயர்ந்தது. அமெரிக்கர்கள் இங்கிலாந்தை எதிர்த்துச் சுட்ட மருந்தில் கணிசமான பகுதி பிரான்சிலிருந்து போனது. எசோன் ஆலையில் வேலை கற்ற துய்ப்போன் என்ற இளைஞர் பின்னாளில் அமெரிக்காவுக்குப் போய் 1802இல் ஒரு வெடிமருந்து ஆலை தொடங்கினார். இன்று உலகமெங்கும் தெரிந்த டூபான்ட் நிறுவனம் அதுதான்.

இவர் எப்படிப்பட்டவர்? படித்தது சட்டம். 1768இல், 24 வயதில், இரண்டு இடங்களில் சேர்ந்தார். ஒன்று அறிவியல் கழகம். மற்றொன்று வரிக் குத்தகைச் சங்கம். அரசனுக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, உப்பு வரி, புகையிலை வரி, சுங்கம் இவற்றை மக்களிடம் வசூலித்துக்கொள்ளும் பணக்காரர் கூட்டம் அது. உப்புக்கு வரி என்றால் மக்களுக்கு எப்படி எரியும் என்பதை வேதாரணியம் வரை நடந்த நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆக, பகலெல்லாம் அவருக்குக் கணக்கு வேலை. காலையில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமும் ஆய்வு. வாரத்தில் ஒரு முழு நாள் ஆய்வுக்கூடத்தில்.

நானும் பல ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் பேரேட்டோடு காலம் தள்ளியவன். மாதக் கடைசியில் வரவும் செலவும் நேராகாவிட்டால், பணம் காற்றில் கரைந்துவிட்டது என்று எந்தக் குமாஸ்தாவும் எழுதமாட்டான். எங்கோ ஒரு ரசீது பதியப்படாமல் நிற்கிறது என்று தேடுவான். லவுவாசியே இரசாயனத்தில் செய்தது இதைத்தான். எடையில் வித்தியாசம் வந்தால் எதையோ பதிய மறந்திருக்கிறோம் என்று கொண்டு, அதைத் தேடினார்.

அன்றைய இரசாயனத்தின் பேரேடு அப்படி நேராகவில்லை. எரியும் பொருளிலெல்லாம் ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறிவிடுகிறது என்று நம்பினார்கள். விறகு எரிந்தால் மிஞ்சுவது லேசான சாம்பல்தானே. நம்பத் தகுந்ததாகவே இருந்தது. ஆனால் ஈயத்தையோ வெள்ளீயத்தையோ காற்றுப் படும்படி காய்ச்சிப் பற்பமாக்கினால் எடை கூடுகிறது. ஒன்று வெளியேறிய பிறகு எடை எப்படிக் கூடும்? சிலர் ஃபுளோஜிஸ்டனுக்கு எடை எதிர்மறையாக இருக்கலாம் என்றுகூடச் சொன்னார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் அப்படிக் கணக்கெழுதினால் அன்றைக்கே விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருக்கும்.

லவுவாசியேயின் முதல் பெயர்பெற்ற சோதனை வெறும் தண்ணீரைக் கொண்டது. நீரைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்தால் மண்ணாக மாறும் என்று ஒரு பழைய நம்பிக்கை. பாத்திரத்தின் அடியில் தங்கும் வண்டலைச் சான்றாகக் காட்டுவார்கள். ஆவி வெளியே போகாமல் திரும்பப் பாத்திரத்துக்கே வரும்படி அமைந்த மூடிய கண்ணாடிக் குடுவையில் நீரை 101 நாட்கள் காய்ச்சினார். மொத்த எடை மாறவில்லை. வண்டல் இருந்தது. பிறகு காலிக் குடுவையை நிறுத்தார். குடுவை எடை குறைந்திருந்தது. வண்டல் கண்ணாடியிலிருந்து கரைந்து வந்தது, நீர் நீராகவே இருந்தது. இரண்டாயிரம் ஆண்டு நம்பிக்கை ஒரு தராசுத் தட்டில் முடிந்தது.

1772இல் கந்தகமும் பாஸ்பரசும் எரியும்போது எடை கூடுவதைக் கண்டார். எடை காற்றிலிருந்துதான் வரவேண்டும் என்று ஊகித்து, எழுதி, முத்திரையிட்டு அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார். காற்றில் எந்தப் பகுதி என்பதுதான் தெரியவில்லை. 1774 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து பிரீஸ்ட்லி பாரீசுக்கு வந்தார். பாதரசத்தின் செந்நிறப் பொடியைச் சூடாக்கினால் ஒரு வாயு வருகிறது, அதில் மெழுகுவத்தி மிகப் பிரகாசமாக எரிகிறது என்று விருந்தின்போது சொன்னார். சுவீடனில் ஷீலேயும் அதே வாயுவைக் கண்டிருந்தார். கண்டுபிடித்த பெருமை அவர்கள் இருவருக்கும் உரியது. அது என்ன என்று புரிந்துகொண்ட பெருமை லவுவாசியேக்கு.

அதற்கு அவர் செய்த சோதனையைப் பள்ளியில் எங்களுக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவார்கள். நீண்டு வளைந்த கழுத்துள்ள குடுவையில் 4 அவுன்சு பாதரசம். அதோடு தொடர்பாக அடைபட்ட காற்று ஏறக்குறைய 50 கன அங்குலம். 12 நாட்கள் இரவும் பகலும் அடுப்பு. பாதரசத்தின் மேல் செந்நிறத் துகள்கள் படர்ந்தன. காற்று 42, 43 கன அங்குலமாகக் குறைந்தது; மிச்சமிருந்த காற்றில் தீ அணைந்தது, எலி மூச்சுத் திணறியது. செந்துகள்களைச் சேர்த்து நிறுத்தால் 45 கிரெயின். அவற்றை மேலும் கடுமையாகச் சூடாக்கினார். 41½ கிரெயின் பாதரசம் திரும்பி வந்தது; கூடவே 7, 8 கன அங்குலம் வாயு. காணாமல் போன அளவு எவ்வளவோ அவ்வளவு. வரவும் செலவும் நேர்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைவிடப் பழக்கமான உதாரணம் ஒன்று உண்டு. நம் ஊர்ப் பழைய வீடுகளின் சுவர்களெல்லாம் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கிளிஞ்சலைக் காளவாயில் போட்டுச் சுட்டால் எடை பாதிக்குச் சற்று மேலாகத்தான் தேறும். சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோ என்றால் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ. மீதி 44 கிலோ எங்கே? கரியமில வாயுவாகக் காளவாயின் வாய்வழியே போய்விட்டது. அந்த 56 கிலோவைத் தாளிக்க 18 கிலோ நீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு. அதைச் சுவரில் பூசினால், மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில், காற்றிலிருந்து அதே 44 கிலோ வாயுவை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு, 18 கிலோ நீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கல்லாக இறுகும். கொத்தனார் "சுவர் பால் குடிச்சு இறுகணும்" என்று சொல்லும் காலம் முழுவதும் சுவர் செய்துகொண்டிருப்பது இந்தக் கணக்கைத்தான்.

லவுவாசியே அத்தோடு நிற்கவில்லை. 1783இல் லப்லாசுடன் சேர்ந்து, நீர் ஒரு தனிப்பொருள் இல்லை, இரண்டு வாயுக்கள் சேர்ந்தது என்று காட்டினார். அதை மறுவழியிலும் சரிபார்த்தார். பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழாய்க்குள் நீராவியைச் செலுத்தினால், பிராணவாயு இரும்போடு சேர்ந்துகொள்ளும், மறுமுனையில் எரியும் வாயு வெளிவரும். ஆயுதக் கிடங்கில் குடியிருப்பவருக்குத் துப்பாக்கிக் குழாய்க்குப் பஞ்சமா? இதே லப்லாசுடன் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார். நாம் மூச்சு விடுவதும் மெழுகுவத்தி எரிவதும் ஒரே வகை வேலை, நம்முடையது மெதுவானது என்று அதிலிருந்து தெரிந்தது.

பெயர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1787இல் அவரும் இன்னும் மூன்று அறிஞர்களும் சேர்ந்து இரசாயனப் பொருட்களுக்கெல்லாம் புதுப்பெயர் வைத்தார்கள். ஒக்சிழேன் என்றால் புளிப்பைப் பிறப்பிப்பது; இத்ரோழேன் என்றால் நீரைப் பிறப்பிப்பது. எலியைத் திணறவைத்த மீதிக் காற்றுக்கு அசோத். உயிருக்கு உதவாதது என்று பொருள். பிரெஞ்சில் இன்றும் அசோத்தான். ஆனால் அதன் குறியீடு மட்டும் 'என்'. பெயரில் இல்லாத எழுத்து குறியீட்டில் எப்படி வந்தது என்று எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு குழப்பம். விடை இதுதான்: 1790இல் ஷப்தால் என்பவர் அதே வாயுவுக்கு நித்ரோழேன் என்று வேறு பெயர் வைத்தார். நித்ர் என்றால் வெடியுப்பு. வெடியுப்பைப் பிறப்பிப்பது என்று பொருள். நைட்ரஜன் என்று எழுதும் ஒவ்வொரு பிள்ளையும் பீகாரின் வெள்ளை மண்ணைத் தெரியாமலே எழுதிக்கொண்டிருக்கிறது.

வெடியுப்பின் வேலையும் இப்போது விளங்கும். மூடிய குழலுக்குள் காற்று இல்லாமலேயே மருந்து எரிவது எப்படி? வெடியுப்பு தனக்குள்ளேயே பிராணவாயுவைச் சுமந்துகொண்டிருக்கிறது. சூடு பட்டால் கரிக்கும் கந்தகத்துக்கும் கொடுக்கிறது.

1789இல், பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய ஆண்டிலேயே, அவருடைய இரசாயனப் பாடநூல் வெளிவந்தது. அதிலுள்ள கருவிப் படங்களை வரைந்தவர் அவர் மனைவி மரி-ஆன். பதின்மூன்று வயதில் மணமாகி வந்தவர். ஓவியமும் ஆங்கிலமும் கற்று, ஆய்வுக் குறிப்புகளை எழுதி, ஆங்கில நூல்களை மொழிபெயர்த்துத் தந்தவர். விதி அந்த நூலில் வரும் இடம் வேடிக்கையானது. திராட்சை ரசம் நொதிக்கும் அத்தியாயத்தில் வருகிறது. சர்க்கரையும் நீரும் நொதியும் இந்தப் பக்கம், சாராயமும் கரியமில வாயுவும் அந்தப் பக்கம்; இரண்டு பக்கமும் எடை சமமாக இருந்தே தீரவேண்டும் என்கிறார். நம் ஊரில் பானையில் கள் பொங்குவதும் அதே கணக்குதான். எதுவும் அழிவதில்லை, எதுவும் பிறப்பதில்லை, எல்லாம் மாறுகின்றன என்று அவர் பேரில் சொல்லப்படும் அழகான வாசகம் அந்த வடிவில் அவர் எழுதியது அல்ல; பின்னால் வந்தவர்கள் சுருக்கியது.

அந்த நூலில் பிழைகளும் உண்டு. 33 தனிப்பொருள்களின் பட்டியலில் ஒளியையும் வெப்பத்தையும் சேர்த்திருக்கிறார். புளிப்பான எல்லாவற்றிலும் பிராணவாயு இருக்கும் என்று நினைத்துத்தான் அந்தப் பெயரையே வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று பிறகு இங்கிலாந்தின் டேவி காட்டினார். பெயர் தவறு, ஆனால் நிலைத்துவிட்டது. தவறுகளைத் திருத்தியவர்களும் அவர் காட்டிய வழியில் நிறுத்துப் பார்த்தே திருத்தினார்கள்.

புரட்சி வளர்ந்தபோது பழைய வரிக் குத்தகைக்காரர்கள் மீது மக்களின் கோபம் திரும்பியது. பாரீசைச் சுற்றிச் சுங்கம் வசூலிக்க எழுப்பிய மதிலுக்கு யோசனை சொன்னவரே லவுவாசியே என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. 1793 நவம்பரில் சிறை. புகையிலையில் நீர் கலந்து விற்றார்கள் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1794 மே 8 அன்று விசாரணை, அன்றைக்கே தண்டனை. வரிக் குத்தகைக்காரர்கள் 28 பேர் ஒருவர்பின் ஒருவராக வெட்டப்பட்டார்கள். அவருடைய மாமனாரும் அதில் ஒருவர். லவுவாசியேக்கு அப்போது வயது 50. குடியரசுக்கு அறிஞர்கள் தேவையில்லை என்று நீதிபதி சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. அந்தத் தலையை வெட்ட ஒரு கணம் போதும், இன்னொன்றை உண்டாக்க நூறு ஆண்டும் போதாமல் போகலாம் என்ற பொருளில் கணித அறிஞர் லக்ராஞ்சு வருந்தியதாகச் சொல்வார்கள்.

விலையுயர்ந்த தராசுகளை வாங்க அவருக்குப் பணம் கொடுத்தது வரிக் குத்தகை. அவர் தலையைக் கொண்டுபோனதும் அதே வரிக் குத்தகை. அவரை முழுக்க நிரபராதி என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. உப்பு வரியில் வாழ்ந்தவர். வெட்டியதை நியாயம் என்று சொல்லவும் முடியவில்லை. அடுத்த ஆண்டே அரசு அவருடைய உடைமைகளை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தது. தவறாகத் தண்டிக்கப்பட்டவர் என்று குறிப்பும் எழுதியது. மரி-ஆன் கணவர் கட்டுரைகளை அச்சிட்டு அன்பளிப்பாக வழங்கினார். 1836 வரை உயிரோடிருந்தார். அந்தத் தராசுகளில் சில பாரீஸ் தொழிற்கலை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

அவருடைய இன்னொரு வேலை நம் மளிகைக் கடை வரைக்கும் வந்திருக்கிறது. சிறைக்குப் போகுமுன் புதிய எடை அளவுகளுக்கான குழுவில் இருந்து, குறிப்பிட்ட கன அளவு நீரின் எடையைத் துல்லியமாக நிறுத்துக் கொடுத்தார். கிலோகிராம் அதிலிருந்து பிறந்தது. 1795இல் பிரான்சில் சட்டமானது. இந்தியாவில் 1956இல் சட்டம் வந்து, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வீசையும் பலமும் சேரும் மறைந்த காலத்தை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம்.

பேரப்பிள்ளைகள் பொருண்மை அழியா விதியை ஒப்பிக்கும்போது ஒன்று செய்யுங்கள். வீட்டில் கிராம் காட்டும் மின்தராசு இருக்கிறதல்லவா? கனத்த பெரிய சோடா பாட்டிலில் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழியுங்கள். அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து உள்ளே போட்டு உடனே மூடியை இறுக்கி நிறுங்கள். பொங்கி அடங்கியதும் மறுபடி நிறுங்கள், எடை மாறியிருக்காது. பிறகு மூடியை மெல்லத் திறந்து, காற்று போனதும் மூடியோடு சேர்த்து மூன்றாம் முறை நிறுங்கள். ஒரு கிராம் அளவு குறைந்திருக்கும். அந்த ஒரு கிராம் எங்கே போயிற்று என்று பிள்ளையிடம் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லவேண்டாம், தேடட்டும்.